கல்லாவில் யார் உட்காருவது?

தம்பி,

இந்தக் குழுவில் கருத்து எழுத வருகிறவர்கள், விளையாட்டை எவ்வளவு தூரம் ஆடியிருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். சொல்லிவிடுகிறேன். நான் இந்த மந்திரவாதிக் கடை கம்ப்யூட்டர் விளையாட்டில் இரண்டாவது அடுப்பு வரைக்கும்தான் வந்திருக்கிறேன். மூன்றாவது அடுப்புக்கு நீலக்கல்லைப் பொடியாக்கி அனுப்ப வேண்டும். பொடியாக்குகிற ஆலையை எந்த மூலையில் வைத்தாலும் சரக்கு போகிற பெல்ட் அடைத்துக்கொள்கிறது, அடுப்பு அணைந்துபோகிறது, முன்னால் கடையில் அலமாரி காலியாகக் கிடக்கிறது. முழுசாக ஆடிப் பார்க்காமல் பேச வந்துவிட்டாள் என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கே தெரியும். இந்தமுறை என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். உன் அப்பாதான் எனக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். "இனிமேலாவது அடுத்தவங்க பேர்ல சண்ட போடாம இரு" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார்.

குழுவில் இருக்கிற மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். புகைக்கூண்டு என்ற பெயரில் இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, உன்னைப் பெற்றவள் நான் என்று அவர்களுக்கும் தெரியட்டும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாகக் கற்பூரக் கடை வைத்திருக்கிறோம். பின்பக்க ஷெட்டில் உன் அப்பா மெஷினில் கற்பூர வில்லை அடிக்கிறார், முன்பக்கம் நான் விற்கிறேன். ஆனால் எழுதுவது உனக்குத்தான். தனியாக எழுதி அனுப்பினால் நீ படிக்க மாட்டாய். போனில் பேசினால் "ம்" என்பாய், "சரிம்மா" என்பாய், "அப்பறம் பேசறேன்" என்பாய். முகம் தெரியாத ஆட்கள் இங்கே எழுதுவதை மட்டும் ஒரு வரி விடாமல் படித்து, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் போடுகிறாய். அதனால்தான் நானும் இங்கேயே வந்து வரிசையில் நின்றுவிட்டேன்.

போன வாரம் நிச்சயதார்த்தம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது நீயும் தேன்மொழியும் என்னிடம் வந்தீர்கள். "கல்யாணம் முடிஞ்சதும் சென்னைய காலி பண்ணிட்டு இங்கயே வந்துடறோம்மா. நான் வீட்டுலேர்ந்தே ஆபீஸ் வேல பாப்பேன், மீதி நேரம் அப்பாவோட மெஷின பாத்துக்கறேன். தேனுதான் இதக் கேட்டா, கல்லாவுல அவளே உட்காரட்டும். நீ ரெஸ்ட் எடு" என்றாய். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாயா? பல் மொத்தமும் வெளியே தெரிந்தது. நான் மட்டும் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களை எண்ணி வாங்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகன் திரும்பி வருகிறேன் என்கிறான், இவளுக்கு என்ன வந்துவிட்டது என்று ஊரில் கேட்பார்கள். எனக்கு வந்தது பொறாமை. வேறு ஏதாவது மரியாதையான பெயர் வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், எதுவும் ஒத்துவரவில்லை. அது எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று சொல்லி முடித்துவிட்டு, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதுவரைக்கும் பொறுமையாகப் படி.

முதலில் நான் பொறாமைப்பட்டது அந்த விளையாட்டைப் பார்த்துத்தான். ஒரு பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். வெயில் நேரம், பாதையில் ஆள் நடமாட்டம் கம்மி. கடைக்குள்ளே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். மரத்தாலான ஒரு கடை, அலமாரி நிறையக் கலர் கலராகப் புட்டிகள், வாசலில் மணி. தாடி வைத்த ஒரு மந்திரவாதி உள்ளே வருகிறான், நீ அவனுக்கு ஒரு புட்டியை எடுத்துக் கொடுக்கிறாய், அவன் தலையை ஆட்டிக்கொண்டு போகிறான். "இன்னாடா இது?" என்று கேட்டேன். "கடைமா. பின்னால தொழிற்சாலை கட்டி மருந்து காய்ச்சணும், முன்னால விக்கணும்" என்றாய். அப்போது நிஜமாகவே ஒரு அம்மா நம் கடை முன்னால் வந்து நின்று, நெய் விளக்கு இருக்கிறதா என்று கேட்டாள். நீ தலையைத் தூக்கவே இல்லை. "மா, ஆள் வந்திருக்காங்க பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரவாதிக்குப் புட்டி எடுக்கப் போய்விட்டாய். நான்தான் எழுந்து வந்து விளக்கைக் கொடுத்தேன். கடையில் நிற்கச் சொன்னால் காத தூரம் ஓடுகிற பிள்ளை, என் கடைக்குள்ளேயே உட்கார்ந்து வேறொரு கடையைப் பார்த்துக்கொள்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தாடிக்காரன்மேல்கூட எரிந்தது.

நீ சின்னப் பிள்ளையிலிருந்தே பின்பக்கத்து ஆள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. பத்தாவது படிக்கும்போது மெஷினிலிருந்து விழும் வில்லைகள் நேராகக் கவருக்குள்ளே போய் விழ வேண்டும் என்று பைப்பை வளைத்துக் கட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? போட்ட வேகத்தில் வில்லைகள் பைப்பின் வாயிலிருந்து சிதறி, உன் அப்பாவின் தலையில், சாமி படத்தில், பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் எல்லாம் விழுந்தன. அவர் திட்டினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அதை நீ சரி செய்துவிட்டாய். இன்றைக்கும் அந்தப் பைப் வழியாகத்தான் வில்லை விழுகிறது. மெஷின் பக்கம் போனால் உனக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். முன்பக்கம் வரச் சொன்னால் மட்டும் தலைவலி, பரீட்சை, வயிற்றுவலி. சரி, அப்பா மாதிரி, என்று விட்டுவிட்டேன். ஒருவர் செய்தால் ஒருவர் விற்க வேண்டும், வீட்டுக்கு இரண்டு பேரும் வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நீ புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு பழையதைக் கடையில் பில் போடக் கொடுத்துவிட்டுப் போனாய். அதில்தான் இந்தக் குழு எனக்குக் கிடைத்தது. ஒரு மூலையில் சின்னதாக ஒரு படம் மின்னிக்கொண்டே இருந்தது. தொட்டேன், திறந்துகொண்டது. தமிழில் எழுதியிருந்ததால் படிக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகப் பொழுது போனது. பாட்டு அருமை, பெல்ட் சத்தம்தான் மண்டையைப் பிளக்கிறது என்று ஒருவர். ஆபீஸில் செய்கிற வேலையைத்தான் இங்கேயும் செய்கிறேன், ஆனால் இங்கே யாரும் மெயில் அனுப்புவதில்லை என்று இன்னொருவர். இந்த விளையாட்டுக்காக வீட்டில் திட்டு வாங்கினேன், இப்போது வீட்டுக்காரியே மூன்றாவது கடை திறந்துவிட்டாள் என்று வேறொருவர். முதல் ஊரில் சரக்கு தேங்குகிறது, இரண்டாவது ஊரில் ஆள் வருவதில்லை, விறகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று ஒரே புலம்பல். நம் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் மாறுவேஷத்தில் வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் உன் கருத்தைப் பார்த்தேன். உன் பெயர் புகைக்கூண்டு என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை, அதே கம்ப்யூட்டர்தானே. என் வாழ்நாளில் நீ எனக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்து வைத்தாலும் அவ்வளவு நீளம் வராது. எந்த அடுப்பை எங்கே வைக்க வேண்டும், எந்த பெல்ட்டை மேலே கொண்டுபோக வேண்டும் என்று பொறுமையாக, அழகாக எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் இப்படி முடித்திருந்தாய்: "தொழிற்சாலை சூப்பர். கடை வேஸ்ட். கவுண்டர்ல நின்னு வர்றவன் போறவன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? அங்க ஒரு பொம்மைய நிறுத்திட்டா போதும்." நான் அதைக் கவுண்டரில் நின்றுகொண்டுதான் படித்தேன். அன்றைக்கு ஒரு ஆளுக்குச் சில்லறை கொடுக்கவே மறந்துவிட்டேன். அவர் திரும்பி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குக் கீழே ஒருத்தி பதில் எழுதியிருந்தாள். கல்லாப்பெட்டி என்று பெயர். "வாங்க ஆள் வரலைன்னா உங்க தொழிற்சாலை எதுக்கு? அடுப்பு எரியறது அடுப்புக்காகவா? இந்த கேம்ல கடைதான் கேம், மத்ததெல்லாம் அடுக்களை." அப்படிப் போடு என்று வாய்விட்டே சொன்னேன். அப்போது அவள் பெண் என்றே எனக்குத் தெரியாது. யாரோ மளிகைக் கடை வைத்திருக்கிற பெரியவர் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கும் அவருக்கும் நடந்த சண்டையைத் தினமும் வந்து பார்த்தேன். நீ ஒன்று சொல்வாய், அவர் ஒன்று சொல்வார், மனசுக்குள்ளே அவர் பக்கம் நின்று கைதட்டுவேன். என் பிள்ளையைக் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று குஷியாக இருந்தது.

கொஞ்ச நாளில் "உங்க" "உன்" ஆனது. "நீங்க" "நீ" ஆனது. ஒருநாள் "போடா" என்று பார்த்தேன். அப்போதுதான் அது பெரியவர் இல்லை என்று புரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஊரில் ஒரே கடை திறந்தீர்கள், நீ பின்னால், அவள் முன்னால். அந்தக் கடையின் படங்களை இங்கே போட்டீர்கள், எல்லோரும் பாராட்டினார்கள். என் பிள்ளைக்குக் காதல் வந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் என்ன சொல்வேன்? நீ வீட்டில் வாய் திறப்பதற்குப் பல மாதம் முன்னாலேயே, ஊரே படிக்கிற இடத்தில் நானும் ஒரு ஓரமாக நின்று படித்துத் தெரிந்துகொண்டேன். போன் செய்து "என்னடா விசேஷம்?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லமா" என்பாய். இங்கே வந்து பார்த்தால் அவளுக்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பாய்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது, நீ உன் கருத்தை மாற்றி எழுதிய அன்றைக்குத்தான். பழைய கருத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தாய். "தப்பா சொல்லிட்டேன். கடைதான் இந்த கேமோட உயிர். ஒரு நாள் கவுண்டர்ல நின்னு பாருங்க, வர்றவங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. இத எனக்குக் காட்டுனது கல்லாப்பெட்டி." நீ பிறந்ததிலிருந்து நான் அந்தக் கவுண்டரில் நிற்கிறேன். தொட்டிலை அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவில் கட்டி, ஒரு கையால் ஆட்டிக்கொண்டு ஒரு கையால் பொட்டலம் கட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முகம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்று நான் உனக்குக் காட்டவில்லையாம். எங்கேயோ இருக்கிற ஒருத்தி, இல்லாத ஊரில், இல்லாத கடையில் காட்டினாளாம். எழுதுகிற இடத்தைத் தொட்டேன், வந்தது எல்லாவற்றையும் எழுதினேன்.

எழுதியதை இங்கே இருக்கிற எல்லோரும் படித்திருக்கிறார்கள், மறைத்து என்ன பயன். "கடையாம் கடை. போணின்னா இன்னானு தெரியுமா உனக்கு? வர்றவங்க எல்லாம் வாங்கிட்டுப் போற ஊர்ல யார் வேணாலும் கடை வைக்கலாம். வழி கேக்கறவன், டைம் கேக்கறவன், சும்மா எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போறவன், இவங்களோட ஒரு நாள் நின்னு பாரு. அப்பறம் அடுத்தவங்க புள்ளைக்குப் பாடம் எடு." எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். நான் எழுதினால் என் பெயரில் வரும் என்றுதான் நினைத்தேன். கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என் மேஜையில் இருக்கிறது, எழுதியது நான். அது புகைக்கூண்டு என்று உன் பெயரில், உன் படத்தோடு போய் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

திரும்பி வந்து பார்த்தால் குழுவில் ஒரே களேபரம். "ப்ரோ, காலைலதான் கடை உயிருன்னு சொன்ன, இப்ப இன்னா ஆச்சு?" "யார் புள்ளைக்கு யார் பாடம் எடுத்தாங்க?" "அக்கவுண்ட்ட யாரோ தூக்கிட்டாங்க போல." சிரிப்புப் படமாகக் கொட்டிக் கிடந்தது. கல்லாப்பெட்டி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. நீங்கள் சேர்ந்து வைத்திருந்த கடையை விட்டே அவள் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் அடுத்த நாள் உன் போன் வந்தது. "மா, கடை கம்ப்யூட்டர்ல நீ எதனா எழுதுனியா?" என்றாய். "நான் இன்னாத்த எழுதப் போறேன்?" என்றேன். "போணினு எழுதியிருக்குதுமா. என் பேர்ல போணினு எழுதற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான். அவ எங்கூட பேச மாட்றா" என்றாய். "யாருடா அவ?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாக அவளைப் பற்றி நீ என்னிடம் வாய் திறந்து பேசினாய். நீ அழுகிற நிலைமையில் இருந்தாய், எனக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. சண்டை வந்ததால் இல்லை, என்னிடம் பேசினாயே, அதனால். இருந்தாலும் அது நல்ல சந்தோஷம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எழுதியது அம்மா என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். அந்த வாரம் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்தவள், மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து நம் கடைக்கு வந்து நின்றாள். அன்றைக்கு இங்கே நடந்தது முழுசாக உனக்குத் தெரியாது. அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அப்போதுதான் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தோளில் பை, நெற்றியில் வியர்வை. "போணி ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு பாக்கெட் கற்பூரம் கேட்டு வாங்கினாள், காசைக் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முதல் காசு என்று நான் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, "நான்தான் அத்தை, கல்லாப்பெட்டி. பேரு தேன்மொழி" என்றாள். இன்னும் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள்ளே அத்தை. எனக்குப் போணியும் பண்ணிவிட்டாள், இனிமேல் திட்டவும் முடியாது. "எழுதுனதுக்குப் பதில் சொல்லலாம்னு வந்தேன். அங்க எழுதுனா அவருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, நான் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதுனதுல பாதி சரி அத்தை, பாதி தப்பு" என்றாள். "எது தப்பு?" என்றேன் விறைப்பாக. "வர்றவங்க எல்லாம் வாங்கற ஊர்ல கடை வைக்கறது ஒரு கடையானு கேட்டீங்க. நான் லோன் வேணுமானு போன்ல கேக்கற வேல பாக்கறேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசறேன், பாதி பேர் திட்டறாங்க, மீதி பேர் வச்சிடறாங்க. வீட்டுக்கு வந்து அந்தக் கடைய திறந்தா ஒரு தாத்தா வர்றாரு. மூட்டுவலி மருந்து இருக்கானு கேக்கறாரு. குடுத்தா சந்தோஷமா போறாரு. அதுக்காகத்தான் ஆடறேன்." கேட்ட பொருளைக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தில் ஒன்று வருமே, அதற்காகத்தான் நானும் நிற்கிறேன். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை உன்னிடம் இப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது, பெண்கள் இறங்கி வந்தார்கள். நான் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். திணறட்டும் என்றுதான் போனேன். ஷெட் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், உன் அப்பாவும் மெஷினை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு அம்மா வில்வம் இருக்கிறதா என்று கேட்டாள். "இல்லீங்கக்கா" என்று பட்டென்று சொன்னாள் உன் கல்லாப்பெட்டி. அப்பாடா என்று இருந்தது எனக்கு. நம் கடையில் இல்லை என்ற சொல்லை நாம் சொல்வதில்லை, "வந்துட்டே இருக்குது, பக்கத்துல பாருங்கம்மா" என்றுதான் சொல்வோம். ஒரு தப்பாவது செய்தாளே என்று குளிர்ந்துபோய் நின்றேன். அவள் அதோடு விடவில்லை. வில்வம் எங்கே கிடைக்கும் என்று எதிர்க்கடையில் கேட்டு அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள், மற்றவர்களுக்குக் கற்பூரமும் திரியும் எடுத்துக் கொடுத்தாள், வயசானவர்களை ஸ்டூலில் உட்கார வைத்தாள். போகும்போது ஒருத்தி, "கடைய நல்லா பாத்துக்கறியே, உங்கம்மா இல்லியா?" என்று கேட்டாள். "உள்ளதான் இருக்காங்க" என்றாள் இவள், சாதாரணமாக, திருத்தாமல். "போய் படுத்துக்கோயேன், அவதான் பாத்துக்கறாளே" என்றார் உன் அப்பா என் காதருகில். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

நான் ஏன் இதை எல்லாம் எழுதுகிறேன் தெரியுமா? அவளைப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது. பிடிக்காமல் போயிருந்தால் எனக்கு வேலை சுலபம். உன் அப்பா மெஷினில் கையை நசுக்கிக்கொண்டு கட்டோடு படுத்திருந்த வருஷம் நான் உன்னைக் கூப்பிட்டேன். வேலையை விடச் சொல்லவில்லை, கொஞ்ச நாள் வந்து கடையில் நில்லுடா என்றுதான் சொன்னேன். "கடையில நின்னே என் காலம் போவணுமாமா?" என்று கேட்டாய். சரி என்று போனை வைத்தேன். அதைச் சொல்லிக் காட்ட இப்போது எடுக்கவில்லை, உனக்கு அப்போது புது வேலை, பயம் இருந்திருக்கும். ஆனால் நான் கூப்பிட்டபோது வராத பிள்ளை, அவள் கேட்டதும் வருகிறான். அதே கடை, அதே கவுண்டர், அதே தெரு. நான் கேட்டபோது கசந்தது அவள் கேட்டபோது இனிக்கிறது. இதற்குப் பொறாமைப்படாதவள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு, அவளைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவள் வந்துவிட்டுப் போன பிறகு, ஆள் வராத நேரங்களில் நானும் இந்த விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். அவளைவிட நன்றாக ஆடிக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம், வேறு ஒன்றும் இல்லை. முதல் ஆளாக ஒரு மந்திரவாதி வந்தான். அலமாரியில் சரக்கு இல்லை, அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டான். பொம்மைதான் என்று தெரிந்தும் எனக்கு அவமானமாக இருந்தது, "இருப்பா, வந்துட்டே இருக்குது" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். நல்ல விளையாட்டுதான். இதைச் செய்தவர்களுக்குக் கடை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. இதை என் வாயால் சொல்வதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் குறை ஒன்றுதான். கடையை அடுத்தவர் கையில் கொடுக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், அதில் இல்லை. எவ்வளவு கடை வேண்டுமானாலும் திறக்கலாம், வயசாவது மட்டும் யாருக்கும் கிடையாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாருங்கள். கல்லாவில் தேன்மொழி உட்காரட்டும். அவள் உட்கார்ந்த பிறகு நீ பின்னாலிருந்து வந்து இன்றைக்கு எவ்வளவு என்று கேட்காதே, உன் அப்பா ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அவள் யாரிடமாவது கோபப்பட்டுவிட்டால் வாங்க வந்தவர்கள் முன்னால் அவளைத் திருத்தாதே. சண்டை வந்தால் ஷெட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குழுவில் வேண்டாம், இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். காலில் வலி என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள், கடைக்காரிகள் சொல்வதில்லை, நீயாகப் பார்த்து ஒரு நாற்காலி போடு. எனக்கு யாரும் போடவில்லை, அதனால்தான் சொல்கிறேன். நான் ரெஸ்ட் எடுக்கப் போவதில்லை. சந்தோஷமாக விட்டுக்கொடுக்கிறாள் அம்மா என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. சந்தோஷம் பிறகு வந்தால் வரட்டும்.

தையில் கல்யாணம் முடிந்து வருகிற முதல் பௌர்ணமிக்கு நான் கடையில் இருக்க மாட்டேன். இத்தனை வருஷம் இந்தப் பாதையில் நின்று நடக்கிறவர்களுக்குக் கற்பூரம் விற்றிருக்கிறேனே தவிர, பௌர்ணமியில் ஒருமுறைகூட நான் மலையைச் சுற்றியதில்லை. கூட்டம் வருகிற நாளில் கடைக்காரி எங்கே போக முடியும்? இந்த முறை போகிறேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, எல்லோரையும் போலக் கூட்டத்தோடு கூட்டமாக வருவேன். நம் கடைப் பக்கம் வரும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பேன். நீ பார்த்துவிட்டால் பேசாமல் இரு, நீ கூப்பிட்டால் நான் நிற்க மாட்டேன். அவளாகப் பார்க்கட்டும். "வாங்கம்மா, கற்பூரம் வாங்கிட்டுப் போங்க" என்று மற்றவர்களைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டால் போதும், வந்து நின்று ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்வேன். காசு வேண்டாம் அத்தை என்று மட்டும் அவள் சொல்லிவிடக் கூடாது, இதை அவளிடம் இப்போதே சொல்லி வை. அவள் வேண்டாம் என்றால், என் கடையில் நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடும், அப்புறம் அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியாது. கொடுத்ததை வாங்கிக் கல்லாவில் போடட்டும். நான் நடந்துவிடுவேன்.

அம்மா